சிக்கலான ஜாஸ் கார்டுகளின் மீது கிட்டாரில் சோலோ வாசிப்பது எப்படி: தொடக்க நிலையினருக்கான வழிகாட்டி

ப்ளூஸும் ராக்கும் வாசித்துப் பழகிய ஒருவர் முதன்முறையாக ஒரு ஜாஸ் பாடலின் கார்டுத் தாளை எதிரே வைத்துக்கொண்டு உட்காரும்போது, கார்டுகள் (ஒன்றாக ஒலிக்கும் சுரக் கூட்டங்கள்) அடுத்தடுத்து மாறும் நெருக்கத்தைக் கண்டுதான் முதலில் திகைக்கிறார். ப்ளூஸில் ஒரே பென்டடோனிக் ஸ்கேலைக் கொண்டு பன்னிரண்டு பார்களையும் கடந்துவிடலாம். இங்கே பாருக்கு ஒரு கார்டு வருகிறது, சில இடங்களில் ஒரே பாருக்குள் இரண்டு வருகின்றன, போதாததற்குப் பாடல் நடுவழியில் இரண்டு மூன்று முறை கீயையும் மாற்றிக்கொள்கிறது. விளக்கம் தேடிப் போனால், டி மைனர் 7 வந்தால் டோரியன், ஜி 7 வந்தால் மிக்ஸோலிடியன், மேஜர் 7 வந்தால் அயோனியன் அல்லது லிடியன் என்று, எந்தக் கார்டுக்கு எந்த ஸ்கேல் என்ற ஒரு நீண்ட பட்டியல் கைக்குக் கிடைக்கும். பட்டியலில் பிழை ஒன்றும் இல்லை. ஆயினும் அதை மட்டும் மனப்பாடம் செய்தவர்களின் சோலோ பெரும்பாலும் ஸ்கேல் பயிற்சி போலவே ஒலிப்பதைக் கேட்டிருப்பீர்கள். ஒரு கார்டின் மீது எந்தெந்தச் சுரங்கள் பொருந்தும் என்று அந்தப் பட்டியல் சொல்கிறது. கார்டு மாறுகின்ற கணத்தில் எந்தச் சுரத்தில் போய் இறங்க வேண்டும் என்பதைச் சொல்வதில்லை. கேட்பவரின் காது கவனிப்பதோ அந்த இறங்கும் இடத்தைத்தான். எனவே இந்தக் கட்டுரை ஸ்கேல்களை ஓரமாக வைத்துவிட்டு, இறங்கும் சுரத்திலிருந்தே பாடத்தைத் தொடங்குகிறது.

தொடங்கும் முன் வேண்டியவை அதிகமில்லை. மேஜர் ஸ்கேலைக் கழுத்தின் ஏதேனும் ஓர் இடத்திலாவது தயங்காமல் வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டும். ஐந்தாம், ஆறாம் தந்திகளில் எந்த ஃப்ரெட்டில் எந்தச் சுரம் இருக்கிறது என்பது யோசிக்காமல் நினைவுக்கு வர வேண்டும். மெட்ரோனோமோடு நான்கு பீட்டை விடாமல் பிடிக்கும் பழக்கம் வேண்டும். கிட்டார் எந்த வகையாக இருந்தாலும் சரி. ஹாலோபாடி (உள்ளே வெற்றிடம் கொண்ட) கிட்டார் வாங்கிய பிறகுதான் ஜாஸ் தொடங்க வேண்டும் என்று யாரும் காத்திருக்கத் தேவையில்லை.

பாடலைத் துண்டுகளாகப் பார்த்தல்

சோலோவைப் பற்றி நினைப்பதற்கு முன் பாடலின் மெலடியைத் தாள் பார்க்காமல் வாசிக்கும் அளவுக்குக் கற்றுக்கொள்ளுங்கள். பிறகு கார்டுகளின் ரூட் சுரங்களை (கார்டுக்குப் பெயர் தரும் அடிச்சுரங்களை) மட்டும் தடித்த தந்திகளில், பாடலின் வேகத்துக்கு ஏற்ப, தொடக்கம் முதல் முடிவு வரை வாசியுங்கள். இவ்விரண்டையும் தாண்டிச் செல்லும் அவசரத்தில்தான் பெரும்பாலோர் பாடலின் நடுவில் தொலைந்துபோகிறார்கள்.

அடுத்த வேலை, தாளில் பென்சிலால் 2-5-1 என்னும் அமைப்பு எங்கெல்லாம் வருகிறது என்று வளைத்துக் குறிப்பது. ஒரு கீயின் இரண்டாம் சுரத்தின் மீது ஒரு மைனர் 7, ஐந்தாம் சுரத்தின் மீது ஒரு டாமினன்ட் 7, முதல் சுரத்தின் மீது ஒரு மேஜர் 7 என்ற வரிசையே அது. சி கீயில் டி மைனர் 7, ஜி 7, சி மேஜர் 7 என்று வரும். ஜாஸ் மேடைகளில் வழக்கமாக வாசிக்கப்படும் பழைய பாடல்களில் பெரும்பகுதி இந்த ஒரே அமைப்பு வெவ்வேறு கீகளில் திரும்பத் திரும்ப வருவதால் ஆனதே. முப்பது கார்டுகள் கொண்ட ஒரு பாடல், வளைத்துக் குறித்த பிறகு, ஐந்தாறு துண்டுகளாகச் சுருங்கிவிடும். கண்ணுக்கு எண்ணிக்கை குறைந்தவுடன் மனத்தின் பதற்றமும் குறைகிறது.

ஜெரோம் கெர்ன் 1939-இல் இசையமைத்த ‘ஆல் தி திங்ஸ் யூ ஆர்’ என்ற பாடலை இங்கே எடுத்துக்கொள்ளலாம். கீ மாற்றங்களைக் கற்பதற்கு இதைவிட நல்ல பாடப்புத்தகம் கிடைப்பது அரிது. வழக்கமான 32 பார்களுக்குப் பதிலாக 36 பார்கள் கொண்ட இப்பாடல் ஏ ஃப்ளாட், சி, இ ஃப்ளாட், ஜி, இ ஆகிய ஐந்து மேஜர் கீகளைத் தொட்டுச் செல்கிறது. முதல் எட்டுப் பார்களின் கார்டுகள் வருமாறு: எஃப் மைனர் 7, பி ஃப்ளாட் மைனர் 7, இ ஃப்ளாட் 7, ஏ ஃப்ளாட் மேஜர் 7, டி ஃப்ளாட் மேஜர் 7, பிறகு ஒரே பாரில் டி மைனர் 7-உம் ஜி 7-உம், கடைசி இரண்டு பார்களில் சி மேஜர் 7. முதல் ஐந்து பார்களும் ஏ ஃப்ளாட் கீ. ஆறாம் பாரிலிருந்து சி கீயின் 2-5-1. ஆக, எட்டுப் பார்களுக்கு இரண்டே துண்டுகள்.

மூன்றாம் சுரமும் ஏழாம் சுரமும்

ஒரு கார்டின் ரூட்டை பாஸ் வாசிப்பவர் பார்த்துக்கொள்கிறார். ரூட்டை ஒன்றாக எண்ணினால் வரும் ஐந்தாம் சுரம் மேஜருக்கும் மைனருக்கும் டாமினன்டுக்கும் பெரும்பாலும் பொதுவானது. அதனால் கார்டின் குணத்தைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. எஞ்சியிருப்பவை மூன்றாம் சுரமும் ஏழாம் சுரமும். மேஜரா மைனரா, ஓய்வா தவிப்பா என்பதை இவ்விரண்டும்தான் சொல்கின்றன. இவற்றை கைடு டோன் என்று அழைப்பது வழக்கம்.

கிட்டாரைக் கையில் எடுத்து, நான்காம் தந்தியின் மூன்றாம் ஃப்ரெட்டையும் மூன்றாம் தந்தியின் ஐந்தாம் ஃப்ரெட்டையும் சேர்த்து ஒலியுங்கள். கீழே எஃப், மேலே சி; இவை டி மைனர் 7-இன் மூன்றும் ஏழும். இப்போது எஃப் அப்படியே இருக்கட்டும். சி-யை மட்டும் ஒரு ஃப்ரெட் இறக்கி நான்காம் ஃப்ரெட்டில் பி ஆக்குங்கள். ஜி 7 வந்துவிட்டது: பி அதன் மூன்றாம் சுரம், எஃப் அதன் ஏழாம் சுரம். அடுத்து பி-யை விட்டுவிட்டு எஃப்-ஐ ஒரு ஃப்ரெட் இறக்கி இரண்டாம் ஃப்ரெட்டில் இ ஆக்குங்கள். இது சி மேஜர் 7: இ மூன்றாம் சுரம், பி ஏழாம் சுரம். கை அசைந்தது மொத்தம் இரண்டு ஃப்ரெட்தான். அதற்குள் ஒரு 2-5-1 முழுவதும் காதில் விழுந்துவிட்டது. ரூட் ஒலிக்கவே இல்லை என்பதையும் கவனியுங்கள். ரூட் வேண்டுமென்றால், டி-க்கு ஐந்தாம் தந்தியின் ஐந்தாம் ஃப்ரெட், ஜி-க்கு ஆறாம் தந்தியின் மூன்றாம் ஃப்ரெட், சி-க்கு ஐந்தாம் தந்தியின் மூன்றாம் ஃப்ரெட் என்று சேர்த்துக்கொண்டால், ஷெல் கார்டு எனப்படும் மூன்று சுரக் கார்டுகள் கிடைக்கும். சோலோவுக்குப் பின்னணியாக நீங்களே பதிவு செய்துகொள்ள இவை போதும்.

கார்டுகளின் ரூட் நான்காம் இடைவெளியில் (ஐந்து ஃப்ரெட்) ஏறிச் செல்லும்போது பெரும்பாலும் இந்த நிகழ்வே நடக்கிறது: முன் கார்டின் மூன்றாம் சுரம் அசையாமல் நின்று அடுத்த கார்டின் ஏழாம் சுரமாகிறது, முன் கார்டின் ஏழாம் சுரம் கீழிறங்கி அடுத்த கார்டின் மூன்றாம் சுரமாகிறது. கெர்னின் பாடலில் இதைச் சோதித்துப் பாருங்கள். எஃப் மைனர் 7-இன் மூன்றாம் சுரமான ஏ ஃப்ளாட்டை இரண்டாம் தந்தியின் ஒன்பதாம் ஃப்ரெட்டில் வாசியுங்கள். பி ஃப்ளாட் மைனர் 7-க்கும் அதே ஏ ஃப்ளாட் நிற்கட்டும். அங்கே அது ஏழாம் சுரம். இ ஃப்ளாட் 7 வரும்போது எட்டாம் ஃப்ரெட்டின் ஜி-க்கு இறங்குங்கள். ஏ ஃப்ளாட் மேஜர் 7-க்கும் அதே ஜி. டி ஃப்ளாட் மேஜர் 7 வரும்போது ஆறாம் ஃப்ரெட்டின் எஃப். டி மைனர் 7, ஜி 7 இரண்டுக்கும் அதே எஃப். முடிவில் சி மேஜர் 7-க்கு ஐந்தாம் ஃப்ரெட்டின் இ. ஒரே தந்தியில், ஒரே விரலால், நான்கே சுரங்களில் எட்டுப் பார்களும் கீ மாற்றமும் கடந்துவிட்டன. கடைசியில் எஃப் இ-யாக இறங்கும் இடத்தில் பாடல் புதிய வெளிச்சத்துக்குள் நுழைவது போன்ற உணர்வு வரும். பின்னணி எதுவும் இல்லாமல் வாசித்தாலும் வரும். பாடலின் மெலடியும் இப்பகுதியில் பெரும்பாலும் அந்தந்தக் கார்டின் மூன்றாம் சுரத்தின் மீதே அமர்கிறது என்பது தற்செயல் அன்று.

இந்த இறங்குவரிசையை முதலில் முழுச் சுரங்களாக (பார் முழுதும் நீளுமாறு) வாசியுங்கள். பிறகு வாயால் பாடிக்கொண்டே வாசியுங்கள். குரல் வளம் இங்கே தேவையில்லை; அடுத்த சுரம் ஒலிப்பதற்கு முன்பே அது எங்கே இருக்கும் என்று உங்கள் காதுக்குத் தெரிகிறதா என்பதுதான் சோதனை. அது தெரிந்த பிறகு, அதே சுரங்களைப் பாரின் முதல் பீட்டில் வைத்துக்கொண்டு, இடையில் உள்ள பீட்டுகளில் உங்களுக்குத் தோன்றுவதை இட்டு நிரப்புங்கள். சோலோ இப்போதே தொடங்கிவிட்டது. எத்தனை வாரம் இந்தப் படியிலேயே தங்கினாலும் வீண் இல்லை என்பது என் உறுதியான கருத்து. மற்றப் படிகளை விரைந்து கடக்கலாம். இதை விரைந்து கடந்தவர்கள் பிறகு எத்தனை ஸ்கேல் கற்றாலும் திரும்பி வர நேர்கிறது.

மைனர் கீயில் வரும் 2-5-1-இல் மூன்று மாற்றங்கள் உண்டு. சி மைனரை எடுத்துக்கொண்டால், இரண்டாம் சுரத்தின் மீது வரும் கார்டு டி மைனர் 7 ஃப்ளாட் 5 ஆகிறது. அதன் மூன்றும் ஏழும் மாறவில்லை, ஐந்தாம் சுரம் மட்டும் ஏ ஃப்ளாட் ஆகிறது. அந்த ஏ ஃப்ளாட் ஜி 7-இன் மீதும் ஃப்ளாட் 9 (அரைச் சுரம் இறக்கிய ஒன்பதாம் சுரம்) என்ற நிலையில் தங்கி, சி மைனர் வரும்போது ஜி-க்கு இறங்குகிறது. எஃப் இம்முறை இ-க்குப் பதிலாக இ ஃப்ளாட்டுக்கு இறங்குகிறது. இவ்விரண்டு இறக்கங்களையும் காதில் பதித்துக்கொண்டால் மைனர் பகுதிகள் தனியாக மிரட்டுவதில்லை.

ஐந்து ஃப்ரெட்டுக்குள் ஆர்பெஜியோ

கார்டின் சுரங்களை ஒவ்வொன்றாக வாசிப்பது ஆர்பெஜியோ. கிட்டாரில் பலர் செய்யும் தவறு, ஒவ்வொரு கார்டுக்கும் அதன் ரூட் இருக்கும் இடத்துக்குக் கையைத் தாவ விடுவது. டி மைனர் 7-க்கு ஐந்தாம் ஃப்ரெட், ஜி 7-க்கு மூன்றாம் ஃப்ரெட், அடுத்ததற்கு எட்டாம் ஃப்ரெட் என்று ஓடிக்கொண்டிருந்தால், ஒவ்வொரு கார்டும் தனித்தனிச் சொல்லாக ஒலிக்கும், வாக்கியம் உருவாகாது. அதற்கு மாற்றாக, கையை நான்காம் ஃப்ரெட்டுக்கும் எட்டாம் ஃப்ரெட்டுக்கும் இடையில் நிறுத்திவிட்டு, அந்த எல்லைக்குள்ளேயே மூன்று கார்டுகளின் சுரங்களும் எங்கெங்கே இருக்கின்றன என்று தேடுங்கள். ஆறு தந்திகளுக்குள் எல்லாமே கிடைக்கும்.

தேடி முடித்தபின் செய்ய வேண்டிய பயிற்சி எளிமையானது, ஆனால் கறாரானது. எட்டாம் பகுதிச் சுரங்களாக (பீட்டுக்கு இரண்டு), நிறுத்தாமல், அந்தந்தக் கார்டின் சுரங்களை மட்டும் வாசித்துக்கொண்டே போங்கள். கார்டு மாறும்போது ரூட்டுக்குத் தாவாமல், கை இருக்கும் இடத்திலிருந்து மிக அருகில் உள்ள புதிய கார்டின் சுரத்துக்குச் செல்லுங்கள். ஏறிக்கொண்டிருந்தால் ஏற்றத்தைத் தொடருங்கள். எல்லை முடிந்தால் திரும்புங்கள். இசையாக ஒலிக்க வேண்டும் என்று இந்த நேரத்தில் கவலைப்பட வேண்டாம். மெட்ரோனோமை 60-இல் வைத்து, தவறினால் அந்த இரண்டு பாரை மட்டும் திரும்ப வாசியுங்கள். கழுத்தின் ஒரு பகுதி பழகியபின் அதே பாடலை அடுத்த ஐந்து ஃப்ரெட்டுகளுக்குள் வாசியுங்கள்.

ஒரு சொற்றொடரை நெருங்கிப் பார்த்தல்

இப்போது கார்டுச் சுரங்களுக்கு இடையில் பிற சுரங்களைக் கொண்டுவரலாம். கீழே உள்ள இரண்டு பார்ச் சொற்றொடரை மெதுவாக வாசித்துப் பாருங்கள். எல்லாச் சுரங்களும் எட்டாம் பகுதிகள்; அடைப்புக்குள் உள்ள எண் ஃப்ரெட்.

டி மைனர் 7-இன் மீது: டி (ஐந்தாம் தந்தி, 5), எஃப் (ஐந்தாம் தந்தி, 8), ஏ (நான்காம் தந்தி, 7), சி (மூன்றாம் தந்தி, 5), இ (இரண்டாம் தந்தி, 5), டி (மூன்றாம் தந்தி, 7), சி (மூன்றாம் தந்தி, 5), ஏ (நான்காம் தந்தி, 7).

ஜி 7-இன் மீது: பி (மூன்றாம் தந்தி, 4), டி (மூன்றாம் தந்தி, 7), எஃப் (இரண்டாம் தந்தி, 6), ஏ ஃப்ளாட் (முதல் தந்தி, 4), ஜி (இரண்டாம் தந்தி, 8), எஃப் ஷார்ப் (இரண்டாம் தந்தி, 7), எஃப் (இரண்டாம் தந்தி, 6), டி ஷார்ப் (இரண்டாம் தந்தி, 4).

சி மேஜர் 7-இன் முதல் பீட்டில்: இ (இரண்டாம் தந்தி, 5). அங்கே நிறுத்துங்கள்.

முதல் பாரின் முதல் நான்கு சுரங்கள் வெறும் ஆர்பெஜியோ. ஐந்தாவதாக வரும் இ, கார்டின் ஒன்பதாம் சுரம். ஏற்றத்தின் உச்சியில் ஒரு வண்ணம் சேர்க்கிறது. பாரின் கடைசி இரண்டு சுரங்களில்தான் நுட்பம் இருக்கிறது. அடுத்து இறங்க வேண்டிய சுரம் பி. அதற்குச் சற்று மேலே உள்ள சி-யையும் சற்றுக் கீழே உள்ள ஏ-வையும் வாசித்துவிட்டுப் பிறகு பி-யில் இறங்குகிறோம். இலக்குச் சுரத்தை இப்படி மேலும் கீழுமாகச் சுற்றி வளைப்பதை என்க்ளோஷர் என்பார்கள். இரண்டாம் பாரின் முடிவிலும் அதே உத்தி உள்ளது: இலக்கு இ, அதற்கு மேலே எஃப், கீழே டி ஷார்ப். டி ஷார்ப் சி மேஜர் ஸ்கேலில் இல்லாத சுரம். இருந்தும் காது அதை ஏற்றுக்கொள்கிறது. ஏனெனில் அது எங்கே போகிறது என்பது காதுக்குத் தெரிந்துவிடுகிறது. சரியான இடத்தில், சரியான பீட்டில் இறங்குவது உறுதியானால், இறங்குவதற்கு முன் வருகிற சுரம் எதுவாக இருந்தாலும் பெரும்பாலும் மன்னிக்கப்படும்.

எஃப் ஷார்ப்பையும் கவனியுங்கள். ஜி 7-இன் மீது அது பொருந்தாத சுரம். ஆனால் பீட்டுக்கு இடையில், ஜி-க்கும் எஃப்-க்கும் நடுவில் வந்து போகிறது. மிக்ஸோலிடியன் ஸ்கேலின் ஏழு சுரங்களோடு இந்த ஒரு சுரத்தைச் சேர்த்து எட்டாக்கினால் அதற்கு பீபாப் ஸ்கேல் என்று பெயர். ஜி-யில் பீட்டின் மீது தொடங்கி ஜி, எஃப் ஷார்ப், எஃப், இ, டி, சி, பி, ஏ என்று இறங்குங்கள்; பீட்டுகளின் மீது ஜி, எஃப், டி, பி என்று கார்டின் நான்கு சுரங்களும் தாமாகவே வந்து விழும். ஏழு சுர ஸ்கேலில் இது நடக்காது. ஒரு சுரத்தைக் கூட்டியதால் கணக்கு நேராகிறது. அந்த ஸ்கேலின் பயனெல்லாம் இதற்குள் அடங்கும்.

தாளம்

மெட்ரோனோமின் ஒலியை நான்கு பீட்டுகளுக்கும் வைக்காமல், இரண்டாம், நான்காம் பீட்டுகளாகக் கொண்டு எண்ணிப் பழகுங்கள். கருவியை 60-இல் வைத்தால் பாடலின் வேகம் 120. முதல் பீட்டை நீங்களே மனத்தில் பிடித்துக்கொள்ள வேண்டியிருப்பதால் தாள உணர்வு விரைவில் வளர்கிறது. எட்டாம் பகுதிகளில் முதல் பாதியைச் சற்று நீட்டி, இரண்டாம் பாதியைச் சற்றுக் குறுக்குவது ஸ்விங்; மெதுவான பாடல்களில் இந்த வேறுபாடு மிகுதியாகவும், வேகமான பாடல்களில் ஏறக்குறைய சமமாகவும் இருக்கும். எவ்வளவு நீட்டுவது என்பதைத் தாளில் எழுதிக் காட்ட முடியாது; பதிவுகளைக் கேட்டுத்தான் பிடிக்க வேண்டும்.

இதுவரை இலக்குச் சுரத்தை முதல் பீட்டில் வைத்தோம். அது கைவந்தபின், அதே சுரத்தை அரை பீட் முன்னதாக, முந்தைய பாரின் கடைசி அரை பீட்டிலேயே வாசித்துப் பாருங்கள். சில சமயம் இரண்டாம் பீட் வரை தள்ளிப்போடுங்கள். சுரங்கள் ஒன்றுகூட மாறாமல் வாசிப்புக்கு உயிர் வந்துவிடும். இன்னொன்று: சாக்ஸபோன் வாசிப்பவர் மூச்சு வாங்க நிறுத்தியே ஆக வேண்டும், கிட்டார் வாசிப்பவருக்கு அந்தக் கட்டாயம் இல்லாததால் விரல்கள் ஓடிக்கொண்டே இருக்கின்றன. வாசிப்பதை வாயால் பாடிக்கொண்டே வாசித்தால், மூச்சு முடியும் இடத்தில் சொற்றொடரும் முடியும். ஜார்ஜ் பென்சன் தம் குரலையும் கிட்டாரையும் ஒரே சுரங்களில் சேர்த்து ஒலிப்பதைக் கேட்டவர்களுக்கு இது எவ்வளவு தூரம் போகக்கூடியது என்பது தெரியும்.

டாமினன்ட் கார்டின் மீது வண்ணம் சேர்த்தல்

ஜாஸில் துணிச்சலுக்கு இடம் தருவது பெரும்பாலும் டாமினன்ட் கார்டுதான். அது ஏற்கெனவே தவிப்பில் இருக்கும் கார்டு என்பதால் இன்னும் கொஞ்சம் தவிப்பைத் தாங்கும். இதற்குப் பல வழிகள் உண்டு. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றிலும் எளியது டிமினிஷ்ட் ஆர்பெஜியோ. ஜி 7-இன் மூன்றாம் சுரத்திலிருந்து பி, டி, எஃப், ஏ ஃப்ளாட் என்று வாசித்தால் ஃப்ளாட் 9-உடன் கூடிய ஜி 7 கிடைக்கும். மேலே கண்ட சொற்றொடரில் அதைத்தான் செய்தோம். இந்த ஆர்பெஜியோவின் சுரங்கள் சம இடைவெளியில் அமைந்திருப்பதால், கை வடிவத்தை மூன்று ஃப்ரெட் தள்ளினால் அதே சுரங்கள் மீண்டும் வரும். கிட்டாருக்கென்றே அமைந்தது போன்ற வசதி இது.

அடுத்தது ட்ரைடோன் மாற்று. ஜி 7-இன் மூன்றும் ஏழும் பி, எஃப். டி ஃப்ளாட் 7-இன் மூன்றும் ஏழும் எஃப், பி. அதாவது அதே இரண்டு சுரங்கள் இடம் மாறி நிற்கின்றன. ஆகவே ஜி 7 வரும் இடத்தில் டி ஃப்ளாட் 7-இன் ஆர்பெஜியோவை வாசிக்கலாம். அதன் டி ஃப்ளாட்டிலிருந்து சி-க்கு ஒரே ஃப்ரெட் இறங்கினால் முடிவு மிக உறுதியாக ஒலிக்கும். மூன்றாவது வழி, ஜி-க்கு அரைச் சுரம் மேலே உள்ள ஏ ஃப்ளாட் மெலோடிக் மைனரை ஜி 7-இன் மீது வாசிப்பது. இதற்கு ஆல்டர்ட் ஸ்கேல் என்று பெயர். ஃப்ளாட் 9, ஷார்ப் 9, ஃப்ளாட் 5, ஷார்ப் 5 ஆகிய நான்கு வண்ணங்களும் அதில் ஒன்றாக இருக்கின்றன. நன்றாக ஒலிக்கும், ஆனால் இறங்கும் சுரம் கைவசம் இல்லாதவருக்கு இதுதான் மிக விரைவில் குழப்பம் தருவதும்.

கார்டுகள் மிக நெருக்கமாக வரும்போது

வேகம் கூடினால் எல்லாக் கார்டுகளையும் வாசிக்க வேண்டியதில்லை. 2-5 இணையில் ஒன்றை மட்டும் நினைத்துக்கொண்டு வாசிக்கலாம். கிட்டார் கலைஞர் பாட் மார்ட்டினோ எல்லாவற்றையும் மைனர் வடிவங்களாக மாற்றி யோசிக்கும் முறையைக் கற்பித்தார். பியானோ ஆசிரியர் பாரி ஹாரிஸ் 2-5 இணையை டாமினன்டின் பக்கத்திலிருந்து பார்க்கச் சொன்னார். இரண்டும் எதிர் எதிரானவை. இரண்டும் பயன் தருகின்றன. உங்கள் விரல்களுக்கு எந்த வடிவம் இயல்பாக வருகிறதோ அதைத் தேர்ந்துகொள்ளுங்கள்.

2-5-1 பார்வையும் போதாத பாடல்கள் சில உண்டு. சாக்ஸபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேன் 1959-இல் பதிவு செய்த ‘ஜயன்ட் ஸ்டெப்ஸ்’ அவற்றுள் முதன்மையானது: 16 பார்களில் 26 கார்டு மாற்றங்கள், அதுவும் கடும் வேகத்தில். தொடக்க வரிசை பி மேஜர் 7, டி 7, ஜி மேஜர் 7, பி ஃப்ளாட் 7, இ ஃப்ளாட் மேஜர் 7. முதல் நான்கு கார்டுகளும் தலா இரண்டு பீட் மட்டுமே நிற்கின்றன. ஆனால் பாடல் முழுவதிலும் இருக்கும் கீகள் பி, ஜி, இ ஃப்ளாட் என்ற மூன்றே. ஒவ்வொன்றுக்கும் இடையில் நான்கு ஃப்ரெட் தூரம். மேலும் பி-யின் மூன்றாம் சுரம் டி ஷார்ப், அதாவது இ ஃப்ளாட். ஜி-யின் மூன்றாம் சுரம் பி. இ ஃப்ளாட்டின் மூன்றாம் சுரம் ஜி. மூன்று கீகளின் ரூட்டுகளே மூன்று கீகளின் மூன்றாம் சுரங்களும் ஆகின்றன. இதைக் கண்டுகொண்டால் கழுத்தின் மீது தேட வேண்டிய புள்ளிகள் பாதியாகக் குறையும்.

கோல்ட்ரேன் இந்த இடங்களில் அடிக்கடி பயன்படுத்தியது ஸ்கேலின் 1, 2, 3, 5 ஆகிய நான்கு சுரங்களைக் கொண்ட சிறு வடிவம். இரண்டு பீட்டுக்கு நான்கு எட்டாம் பகுதிகள் என்பதால் அது கச்சிதமாகப் பொருந்துகிறது. பி-க்கு பி, சி ஷார்ப், டி ஷார்ப், எஃப் ஷார்ப். டி 7-க்கு டி, இ, எஃப் ஷார்ப், ஏ. ஜி-க்கு ஜி, ஏ, பி, டி. முதல் வடிவத்தின் கடைசிச் சுரமான எஃப் ஷார்ப்தான் டி 7-இன் மூன்றாம் சுரம் என்பதையும், ஜி-யின் ஐந்தாம் சுரமான டி-தான் பி ஃப்ளாட் 7-இன் மூன்றாம் சுரம் என்பதையும் பார்த்தால், ஒரு வடிவத்திலிருந்து அடுத்ததற்குத் தாவாமல் செல்லும் பாதை தெரியும். முதல் வடிவத்தை ஏற்றமாகவும் அடுத்ததை இறக்கமாகவும் வாசித்துப் பாருங்கள். இப்பாடலை முதல் ஆண்டிலேயே தொட வேண்டிய அவசியம் இல்லை. தொட்டால், பாதி வேகத்துக்கும் கீழே, முதல் மூன்று பார்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கேட்டுப் பிடித்தல்

விதிகளை எல்லாம் பிறர் வாசிப்பிலிருந்துதான் எடுத்தார்கள். நீங்களும் நேராக அங்கே போகலாம். கிட்டாருக்கு சார்லி கிறிஸ்டியன் நல்ல தொடக்கம். 1939-இல் கிளாரினெட் கலைஞர் பென்னி குட்மனின் குழுவில் சேர்ந்து 1942-இல் இளம் வயதிலேயே மறைந்த அவர், கார்டு வடிவங்களைச் சுற்றியே சோலோக்களை அமைத்தார் என்பதால் கைக்கு எளிதில் அகப்படும். வெஸ் மாண்ட்கோமரியிடம் கவனிக்க வேண்டியது கட்டமைப்பு: முதலில் ஒற்றைச் சுரங்கள், பிறகு ஆக்டேவ் (ஒரே சுரத்தை இரு உயரங்களில் சேர்த்து ஒலிப்பது), பிறகு கார்டுகள் என்று பல சோலோக்களை அவர் அடுக்கடுக்காக உயர்த்திச் செல்கிறார். ஜிம் ஹாலிடம் கற்க வேண்டியது எதை வாசிக்காமல் விடுவது என்பது.

முழு சோலோவையும் எழுதி எடுக்க முயன்று பாதியில் விடுவதைவிட, உங்களுக்குப் பிடித்த நான்கு பாரைத் தேர்ந்து, முதலில் பாடி, பிறகு கிட்டாரில் தேடி எடுங்கள். எந்தக் கார்டின் மீது எந்தச் சுரத்தில் அவர் இறங்கினார் என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அந்தச் சொற்றொடரை வேறு கீகளிலும், வேறு பாடலின் அதே வகையான இடத்திலும் பொருத்திப் பாருங்கள். அப்படியே ஒப்பிப்பதில் வெட்கம் தேவையில்லை. சில நாள்களில் அதன் தலையும் வாலும் தாமாகவே மாறத் தொடங்கும்.

பிறரோடு வாசிக்கும்போது

குழுவோடு முதன்முறை சோலோ வாசிக்கையில் இடம் தவறிப்போவது உறுதி. அப்போது கையை நிறுத்துங்கள், தலைக்குள் எண்ணுவதை நிறுத்தாதீர்கள். மெலடியை மனத்துக்குள் ஓடவிட்டு, பாஸ் எந்த ரூட்டில் இறங்குகிறது என்று கேளுங்கள். பெரும்பாலான டிரம்மர்கள் எட்டுப் பார்களுக்கு ஒருமுறை, பகுதி மாறும் இடத்தில், ஏதேனும் ஒரு குறிப்பு தருவார்கள். கெர்னின் பாடலில் என்றால், ஜி மேஜரிலிருந்து இ மேஜருக்குச் செல்லும் நடுப்பகுதியைக் காது எளிதில் அடையாளம் காணும். அடுத்த பகுதியின் முதல் பார் வந்ததும், அந்தக் கார்டின் மூன்றாம் சுரத்தை ஒரே ஒரு நீண்ட சுரமாக ஒலித்து, அங்கிருந்து மறுபடியும் உள்ளே வாருங்கள்.